பேசியவர் பெயர் சொல்லக் கூடாது

வெளியுறவுக் கொள்கை ஆய்வாளர் என்றால், போகவே முடியாத ஊரைப் பற்றி அங்கே போய்வந்தவரைவிட விவரமாகப் பேசுகிறவர் என்று அர்த்தம். இருபத்தெட்டு வருஷம் நான் அந்த வேலையைப் பார்த்தேன். நாமும் பாகிஸ்தானும் பங்குபோட்டுக்கொள்ளும் ஆறுகள், அவற்றால் நாட்டுப் பாதுகாப்புக்கு வரும் சிக்கல்கள், இதுதான் என் பாடம். பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்து, திருச்சியிலேயே ஒரு கல்லூரியில் அரசியல் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்து, ஓய்வு பெற்று, இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். பாகிஸ்தானுக்கு மூன்று முறை விசா கேட்டேன். மூன்று முறையும் கிடைக்கவில்லை. அதனால் அந்த நாட்டுக் கால்வாய்களின் பெயரெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம், ஒரு கால்வாயைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

சாயங்காலம் டி.வி.யைப் போட்டுவிட்டு, ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வாசகர்களே, ஓரத்துக் கட்டத்தில் வாயைத் திறக்க நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணாடி போட்ட அம்மாள் நான்தான். உங்களுக்குத் தலைவலி என்றால் எனக்கும்தான். தலைவலி ஒரு பக்கம் இருக்கட்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். அவளைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் ஒரு நாள்கூட விட்டதில்லை. போய்ப் பார்க்க முடியாத ஒருவர் உங்களுக்கும் எங்காவது இருப்பார், ஆகவே உங்களிடம் சொல்லலாம்.

அலமாரி விசாரணை

பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது போலீஸ் விசாரணை வரும், தெரியும்தானே. எங்கள் வீட்டுக்கு வந்த ஏட்டு நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், தண்ணீர் கேட்டுக் குடித்தார், ஆதார் அட்டையைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். பாகிஸ்தான் ராணுவம், பாகிஸ்தான் ஆறுகள், பாகிஸ்தான் அரசியல் சட்டம் என்று மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை ஒரே நாடு. “இதெல்லாம் யார் படிக்கறது?” என்றார். நான்தான் என்றேன். “எதுக்கு?” பாடம் எடுக்க என்றேன். அவர் சுவரில் இருந்த வரைபடத்துக்கு நகர்ந்தார். “சிவப்புப் பென்சில்ல கோடு யார் போட்டது?” அதுவும் நான்தான், கால்வாய் என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது.

அந்த நேரம் பார்த்து என் கணவர் காபியோடு வந்தார். அவர் தொழிற்சாலையில் கொதிகலன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் பதற மாட்டார். “கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே இப்படித்தான் சார், நான் பழகிட்டேன்” என்றார். ஏட்டு சிரித்துவிட்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “ரிப்போர்ட் நல்லாத்தான் எழுதறேன் மேடம். ஆனா அடுத்த வாட்டி யாராச்சும் வந்தா, நடுநடுவுல நாலு சமையல் புத்தகத்தைச் சொருகி வைங்க.”

எதிர் நாற்காலி

அரசாங்கங்கள் பேசிக்கொள்ளாத காலத்தில் எங்களைப் போன்றவர்களைப் பேச விடுவார்கள். பேராசிரியர்கள், ஓய்வு பெற்ற தூதர்கள், ஓய்வு பெற்ற தளபதிகள் எல்லோரையும் மூன்றாவது நாடு ஒன்றில் ஒரு ஓட்டலில் உட்கார வைத்து மூன்று நாள் பேசச் சொல்வார்கள். அதற்கு ஒரு விதி உண்டு. அறையில் பேசியதை வெளியே போய் எங்கு வேண்டுமானாலும் எழுதலாம், சொல்லலாம். பேசியவர் யார் என்று மட்டும் சொல்லக் கூடாது. இந்த விதியை யாரும் மீறி நான் பார்த்ததில்லை. என் தோழியின் பெயரையோ ஊரையோ இங்கே நீங்கள் பார்க்க மாட்டீர்கள். கூட்டம் நடந்த ஊர்களையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் கூட்டம் காத்மாண்டுவில். மேஜையைச் சுற்றி நாடுகளை ஆங்கில அகரவரிசையில் உட்கார வைத்ததில், எனக்கு நேர் எதிரே அவள் வந்தாள். நரைத்த முடி, தடிக் கண்ணாடி, என் வயதுதான். காலையில் நான் கட்டுரை வாசித்தேன். ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் நாட்டுக்கும் தன் பங்குத் தண்ணீரைப் பயன்படுத்திக்கொள்ள உரிமை உண்டு, அணை கட்டுவது குற்றமில்லை என்று அடித்துப் பேசினேன். அவள் எழுந்து என் கட்டுரையைத் துவைத்துக் காயப்போட்டாள். தேநீர் இடைவேளையில் பிஸ்கட்டோடு நேரே என்னிடம் வந்து, உன் ஊரில் ஆறு உண்டா என்று கேட்டாள். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில், எனக்கு நினைவிருப்பதெல்லாம் தமிழில். காவிரியைப் பற்றிச் சொன்னேன். கோடையில் வெறும் மணல், மேலே இருக்கிற மாநிலம் எப்போது திறந்துவிடும் என்று ஊரே பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கும், ஜூன் மாதம் அணை திறந்தால் பாலத்தில் நின்று தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்ப்போம் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. பிறகு சொன்னாள்: “அப்படியென்றால் நீயும் கீழே இருப்பவள்தான். காலையில் மேலே இருப்பவள் மாதிரி அல்லவா பேசினாய்?”

ஆட்டோவில் ஒரு பாடம்

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வகுப்பில் கேட்டேன், கருத்தரங்கில் கேட்டேன், “ஓர் ஆய்வாளர் கேட்டார்” என்று சொல்லிச் சொல்லிக் கட்டுரைகளில் எழுதினேன். ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வரும்போது ஆட்டோக்காரரிடமும் கேட்கும்படி ஆயிற்று. காவிரிப் பாலத்தில் போக்குவரத்து நின்றுவிட்டது. கீழே மணலில் நாணல் முளைத்துக் கிடந்தது. அவர் ஜீயபுரத்துக்காரர், வாழை போட்டிருக்கிறார். மேலே இருக்கிறவன் மனசாட்சி இல்லாதவன், ஒரு நாள் அவன் வீட்டில் தண்ணீர் நின்றால் தெரியும் என்று பொரிந்து தள்ளினார். மூச்சு வாங்கிவிட்டு, “பாகிஸ்தானுக்குப் போற தண்ணிய மட்டும் ஒரு சொட்டு விடக் கூடாது மேடம், டி.வி.ல நீங்க அதைச் சொல்லணும்” என்றார். என்னை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறார்.

நான் பேராசிரியர் தோரணையில் ஆரம்பித்தேன். காவிரியில நமக்கு மேலே ஒருத்தர் இருக்காங்க, அங்கே பாகிஸ்தானுக்கு மேலே நாம இருக்கோம், மேலே கேட்கிற நியாயத்தைக் கீழேயும் கொடுக்கணுமா இல்லையா என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முன்னால் இருந்த பஸ் நகர்ந்தது. கியர் போட்டுக்கொண்டே முடிவாகச் சொன்னார்: “அது வேற மேடம். நாம கேக்கறதும் நம்ம தண்ணி, அவங்க கேக்கறதும் நம்ம தண்ணிதானே?”

இதை அடுத்த கூட்டத்தில் தோழியிடம் சொன்னேன். தன் ஊர் ஆட்டோக்காரரும் அவர்கள் நாட்டுக்குள்ளேயே இருக்கிற கீழ் மாகாணத்தைப் பற்றி இதே மாதிரிதான் பேசுகிறார் என்றாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கூட்டு அறிக்கை எழுதும் குழுவில் இருந்தோம். ‘கவலை’ என்று போடுவதா, ‘ஆழ்ந்த கவலை’ என்று போடுவதா என்று தளபதிகள் மத்தியானம் முழுக்க மல்லுக்கட்ட, நாங்கள் மூலையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம். வருஷத்துக்கு மூன்று நாள். எங்கள் சிநேகிதம் முழுக்க இப்படி மூன்று மூன்று நாளாகச் சேர்த்ததுதான்.

ஊர்ப் பெயர் எழுதும் கட்டம்

பாகிஸ்தானிலிருந்து இந்தியாவுக்கு வருகிறவர்களுக்கு நாட்டுக்கு என்று விசா கிடையாது, ஊருக்குத்தான். எந்தெந்த ஊர் போகிறோம் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். அந்தந்த ஊரில் போலீஸில் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் அவள் துணிந்து மனு போட்டாள். படிவத்தில் திருச்சிராப்பள்ளி என்று எழுதும்போது கட்டம் போதவில்லை என்று போனில் புலம்பினாள். அவளுக்கு ஆடிப்பெருக்கு பார்க்க வேண்டும். அவள் ஊர் வழியாக ஓடிய ஆறு, ஒப்பந்தப்படி நம் பங்குக்கு வந்த ஆறு. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்த தண்ணீர் இப்போது அதில் கிடையாது. நிறைந்த ஆற்றில், எந்தப் பேச்சும் பேசாமல், படியில் உட்கார்ந்து காலை நனைக்க வேண்டும் என்றாள்.

நான் பின்பக்கத்து அறையை ஒழித்தேன். கணவர் மின்விசிறியை மாற்றினார். அம்மா மண்டபம் படித்துறையில் எந்தப் படியில் கூட்டம் குறைவு என்று இரண்டு நாள் நடந்து பார்த்து வைத்தேன். ஆனி போயிற்று. ஆடி பிறந்தது. மனுவுக்குப் பதிலே வரவில்லை, மறுத்தாலாவது மனது ஆறும். பதினெட்டாம் பெருக்கு அன்று நான் தனியாகப் போய் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். சுற்றிலும் பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டும் காதோலை கருகமணி விட்டுக்கொண்டும் இருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன்.

எதிர் வீட்டு மாமி வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடிப்படியில் என்னைப் பார்த்ததும், “ரூமெல்லாம் ஒழிச்சு வெச்சேளே, அவா வரலியா?” என்றார். விசா வரவில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு படி கீழே இறங்கி வந்தார். “இந்த ஆடி இல்லேன்னா அடுத்த ஆடி. காவேரி எங்கே போயிடப் போறா? நான் அவாளுக்கு அக்காரவடிசல் பண்றதா இருக்கேன்னு சொல்லிடுங்கோ.”

கொழும்புப் படிக்கட்டு

கடைசியாக அவளைப் பார்த்தது கொழும்பில். அதுதான் கடைசி என்று அப்போது தெரியாது. திருச்சியிலிருந்து ஒரு மணி நேர விமானம், காலை இட்லி இங்கே, மத்தியானச் சாப்பாடு அங்கே. அவளோ மூன்று விமானம் மாறி வந்து சேர்ந்தாள். ஓட்டல் வாசலில் கட்டிக்கொண்டபோது இரண்டு நாட்டுத் தளபதிகளும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தத் தடவை அவள் பேச்சில் சூடு குறைந்திருந்தது. படிக்கட்டில் இறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்து இறங்கினாள். வயசாகிவிட்டதா என்று கேலி செய்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடற்கரைச் சாலையில் வெயில் தாழும் நேரம் நடந்தோம். அவளுக்குக் கொய்யா வாங்கித் தந்தேன், மிளகாய்ப்பொடி தூவியது. எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். திரும்பி வரும்போது அவள் சொன்னாள்: “அடுத்த கூட்டத்தில் உன் பக்கத்து நாற்காலி கேட்கப் போகிறேன். எதிரே உட்கார்ந்தால் உன் முகம் சரியாகத் தெரிவதில்லை.”

பாசத்தில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் ஊர் வந்து சேர்ந்தேன்.

ஓரத்துக் கட்டம்

அதன் பிறகு எல்லையில் பதற்றம். கூட்டங்கள் நின்றன. விசாப் பேச்சே போயிற்று. அவளிடமிருந்து இரண்டு வரியில் ஒரு மெயில் வந்தது. மகன் அரசாங்க வேலையில் இருக்கிறான், நம் சிநேகிதத்தால் அவனுக்குத் தொல்லை வரக் கூடாது, கொஞ்ச காலம் எழுத வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம் என்று. சரி என்று ஒரு வார்த்தை பதில் போட்டேன். அந்த வாரமே டி.வி.க்காரர்கள் கூப்பிட்டார்கள்.

தில்லை நகரில் ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் அவர்கள் அறை. பின்னால் மலைக்கோட்டை படம் போட்ட துணி. கேமராமேன் ஒருவர், நான் ஒருத்தி, காதில் சென்னையிலிருந்து ஒரு குரல். “ஒரே வார்த்தையில சொல்லுங்க மேடம், தண்ணிய நிறுத்தலாமா, கூடாதா?” என்றது குரல். ஒரு வார்த்தையில் சொல்ல முடிந்தால் நான் ஏன் இருபத்தெட்டு வருஷம் படிக்கிறேன்? “கீழே இருக்கறவங்க தாகத்தை மறந்துட்டு மேலே இருக்கறவங்க எடுக்கற எந்த முடிவும் ரொம்ப நாள் பாதுகாப்பா இருக்காது. இதை ஓர் ஆய்வாளர் எனக்குச் சொன்னார்” என்றேன். “யார் அவர்? எந்த நாடு?” பெயர் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி என்றேன். மற்ற ஐந்து கட்டங்களும் ஒரே நேரத்தில் பொங்கின. அந்தத் துண்டு வீடியோ ஒரு வாரம் ஊரைச் சுற்றியது. வந்த செய்திகளில் பாதியை இங்கே எழுத முடியாது. எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. மருங்காபுரியிலிருந்து என்னிடம் படிக்க வந்த ஒரு பெண்ணின் அண்ணன் அப்போது எல்லையில் இருந்தான். அவள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

நிகழ்ச்சி முடிந்து என் சேலையிலிருந்து மைக்கைக் கழற்றும்போது கேமராமேன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நீங்க சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல மேடம். ஆனா இன்னிக்கு ஒரு மணி நேரத்துல ஒரு வாக்கியம் முழுசா காதுல விழுந்தது நீங்க பேசினதுதான்.”

நாங்கள் கண்டுபிடித்த தபால்

அவள் தன் நாட்டு ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் மாதம் ஒரு கட்டுரை எழுதுவாள். நான் இணையத்தில் படிப்பேன், அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. மெயில் நின்ற மூன்றாவது மாதம், கால்வாய்ப் பராமரிப்பு பற்றிய கட்டுரையில், நடுவில் ஒரு வரி: “தெற்கே ஓர் ஆற்றங்கரையில் வசிக்கும் ஆய்வாளர் ஒருமுறை சொன்னார், தண்ணீர் இல்லாத மாதத்திலும் நாங்கள் பாலத்தில் போகும்போது எட்டிப் பார்ப்போம் என்று.” நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அது நான் சொன்னது. விதிப்படி எழுதியிருக்கிறாள், பெயர் இல்லை, நாடு இல்லை, யாரும் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு மட்டும் அது கடிதம்.

அடுத்த வாரமே நான் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்கு அணைப் பாதுகாப்பு பற்றிக் கட்டுரை அனுப்பினேன். “அண்டை நாட்டு ஆய்வாளர் ஒருவர் ஒருமுறை சொன்னார்” என்று ஆரம்பித்து, அவள் கொய்யா தின்றுகொண்டே சொன்ன ஒன்றை அதில் வைத்தேன். அவளுடைய அடுத்த கட்டுரையில் பதில் இருந்தது. இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஆயிரம் வார்த்தை அணைக்கட்டுக்கு, ஒரு வரி எங்களுக்கு. மாதக் கடைசி வந்தால் காலையில் காபியைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்தைத் திறப்பேன். அந்த ஒரு வரியை விரல் வைத்துப் படிப்பேன். அவள் குரல் வேண்டும் என்று இருக்கும். குரலுக்கு எங்கே போவது?

ஒரு நாள் கணவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என் பழைய கட்டுரைகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒரு வரி எங்கயாச்சும் வச்சிருக்கியான்னு தேடினேன். இல்லம்மா.”

நான் சொல்லாத சொல்

போன கோடையில் வந்த கட்டுரையில் அந்த வரி வேறு மாதிரி இருந்தது. “தெற்கே இருக்கும் ஆய்வாளர் சொன்னார், ஆற்றில் தண்ணீர் வருமா என்று கவலைப்படுவதை நான் விட்டுவிட்டேன், வரும்போது பார்க்கக் கண் இருக்குமா என்பதுதான் இப்போது என் கவலை என்று.” நான் இரண்டு முறை படித்தேன். இதை நான் சொன்னதே இல்லை. அவள் மறந்துவிட்டாளா, வேறு யாராவது சொன்னதா என்று குழம்பினேன். மேற்கோளில் ஒரு எழுத்துத் தப்பாத பெண் அவள். மெல்லத்தான் புரிந்தது. என் வாயில் வைத்து அவள் தன் செய்தியைச் சொல்லியிருக்கிறாள். கொழும்பில் படியைக் காலால் தடவியதும், பக்கத்து நாற்காலி கேட்டதும் அப்போதுதான் எனக்கு உறைத்தன. கட்டுரைக்கு அடியில் சின்ன எழுத்தில், அடுத்த மாதத்தோடு இந்தப் பகுதி நிறைவு பெறும் என்று போட்டிருந்தார்கள்.

போனைக் கையில் எடுத்துவிட்டேன். கணவர் வாங்கி மேஜையில் வைத்தார். “அவங்க பையனை நினைச்சுப் பாரு” என்றார். நான் கத்தினேன். பாதுகாப்பு பாதுகாப்பு என்று இரண்டு நாடும் சேர்ந்து எதைப் பாதுகாக்கின்றன, ஒரு கிழவி இன்னொரு கிழவியிடம் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டால் எந்த அணை உடையும் என்று கேட்டேன், டி.வி.யில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. அவர் நான் முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “கண்ணு தெரியலேன்னா வீட்டுல யாராச்சும் படிச்சுக் காட்டுவாங்க. ஆனா நீ எழுதினாத்தானே படிச்சுக் காட்ட முடியும்?”

ஒரு வரி

கணக்கு எளிது. அவளுடைய கடைசிக் கட்டுரை வருவதற்குள் என் கட்டுரை அச்சில் வர வேண்டும். வந்தால், அவள் அந்தக் கடைசிக் கட்டுரையில் ஒரு வரி பதில் சொல்வாள். வராவிட்டால், அவள் அனுப்பிய செய்தி எனக்குக் கிடைத்ததா என்று தெரியாமலே பேனாவை மூடி வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு அவள் எழுத இடம் கிடையாது. எங்கள் தபால்பெட்டியும் கிடையாது.

வெள்ள முன்னறிவிப்புத் தகவல்களை நாடுகள் பரிமாறிக்கொள்வது பற்றி எழுத உட்கார்ந்தேன். ஆயிரம் வார்த்தை இரண்டு நாளில் முடிந்தது. கடைசி வரிக்கு மட்டும் நான்கு நாள் ஆயிற்று. என்னென்னவோ எழுதி அடித்தேன். பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்பதைப் பாசனத்துறை மொழியில் எப்படிச் சொல்வது? இந்த முறை நானும் அவள் சொல்லாததை அவள் வாயில் வைத்தேன். “அண்டை நாட்டு ஆய்வாளர் ஒருவர் சொன்னார், ஆற்றைத் தெரிந்துகொள்ளக் கண் வேண்டியதில்லை, படியில் உட்கார்ந்து காலை நனைத்தால் போதும், பக்கத்தில் உனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறேன் என்று.” எழுதி முடித்த கையோடு அனுப்பிவிட்டேன். அந்தப் பத்திரிகையில் கருத்துப் பக்கத்தைக் கவனிக்கும் உதவி ஆசிரியர் நாமக்கல்காரர், என் மேல் மரியாதை உள்ளவர். சனிக்கிழமை கட்டாயம் வந்துவிடும் என்றார். அவள் கட்டுரை திங்கட்கிழமை. அவள் கட்டுரையைச் சனிக்கிழமைச் சாயங்காலம்தான் கொடுப்பாள், அது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை, மாமி வீட்டு சுப்ரபாதம் முடிந்ததும் கிளம்பி, மெயின்கார்ட் கேட் கடைக்குப் போய் இரண்டு பிரதி வாங்கினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே பிரித்தேன். தலைப்பு இருந்தது, என் பெயர் இருந்தது, வரைபடம்கூடப் போட்டிருந்தார்கள். கடைசிப் பத்தி தகவல் பரிமாற்றத்தின் அவசியத்தோடு முடிந்திருந்தது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்னால் பங்குச் சந்தை. வெயிலில் நின்றபடியே கூப்பிட்டேன். அவர் முதல் மணியிலேயே எடுத்தார், குரலில் அவ்வளவு சந்தோஷம்: “மேடம், கட்டுரை அருமையா வந்திருக்கு, எல்லாரும் கூப்பிட்டுச் சொல்றாங்க. இடம் பத்தலைன்னு கடைசி வரி ஒண்ணை மட்டும் எடுத்தேன், அது விஷயத்துக்குத் தேவையில்லாத வரிதானே? மத்தபடி உங்க எழுத்துல நான் கையே வைக்கல.”

நாட்டுப் பாதுகாப்புக்கு இருபத்தெட்டு வருஷம் ஊருக்கெல்லாம் வழி சொன்ன எனக்கு, சொந்தமாக வைத்திருந்த ஒரே ஒரு வரியைக் காப்பாற்றத் தெரியவில்லை.